முருகன் படத்துக்குப் பின்பக்கம்

கதவச் சாத்திட்டு இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க மதினி. இன்னும் கிட்ட. அங்கன உக்காந்தீகன்னா நான் சத்தம் போட்டுப் பேசணும். சுவரு ஒத்தச் செங்கல்லு, அந்தப் பக்கம் இருமுனா இந்தப் பக்கம் சளி பிடிக்கும். ஃபேனு போட மாட்டேன், கோவிச்சுக்கிராதீக, அது கடகடன்னு ஊரக் கூட்டும். லைட்டும் வேண்டாம். இந்தாங்க, இந்த அட்டைய வச்சு விசிறிக்கோங்க. வேர்க்கத்தான் செய்யும். ஓடு போட்ட வீடுன்னா பரவால்ல, இது தகரம்.

நல்லவேள பின்வாசல் வழியா வந்தீக. முன்னாடி நின்னு, முத்துப்பேச்சின்னு ஒரு சத்தம் குடுத்திருந்தீகன்னா போச்சு. எதுத்தாப்புல டீக்கடை பெஞ்சுல ஒருத்தன் உக்காந்திருக்கானே, ஊதாக் கட்டம் போட்ட கைலி, அவன்தான் பொண்ணோட அண்ணன். அழகுராஜா. ஆமா, நீங்கதான் பாத்திருப்பீகளே. கல்யாணப் பேச்சுக்கு வந்தப்ப வேட்டி கட்டியிருந்திருப்பான்.

விசாரிக்க வந்தது அவனுக்குத் தெரியக்கூடாதுங்கீக. சரிதான். எனக்கும் அதுதான் வசதி. பையனப் பெத்தவுக, காரியாபட்டியில இருந்து ஒத்தையில பஸ் ஏறி, பூ வைக்கிறதுக்கு முந்தி பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்னு வந்திருக்கீக. இதுல தப்பு என்ன? மாடு வாங்குறவனே சுழி பாக்கிறான். வெள்ளிக்கிழம பூ வச்சுட்டா அப்புறம் விசாரிச்சு என்ன, விசாரிக்காட்டி என்ன. தலையில ஏறுன பூவ எறக்குற பழக்கம் நம்மகிட்ட ஏது?

எனக்குப் பூ வச்ச கதையச் சொல்லுதேன் கேளுங்க. தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசல்ல நாலஞ்சு பேரு உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காக. யாரோ எவரோன்னு நான் பாட்டுக்கு மொகம் கழுவக் குனிஞ்சேன். நிமிந்தா தலையில பூ இருக்கு. யாரு வச்சா, யாருக்கு வச்சான்னு நான் கேக்கிறதுக்குள்ள டம்ளரக் கவுத்து வச்சிட்டுப் போயிட்டாக. மாப்பிள்ளை நல்ல மனுசன்தான், குறை சொல்லப்படாது, போய்ச் சேந்துட்டாரு. ஆனா இன்னைக்கும் மொகம் கழுவக் குனிஞ்சா ஒரு தரம் பின்னாடி திரும்பிப் பாத்துக்கிருவேன். சிரிக்கீக. சிரிங்க, மெதுவாச் சிரிங்க.

பொண்ணப் பாக்கணுமா? இப்ப முடியாது மதினி. அவ வீட்டுக்குத் தூரம். பின்னாடி ஓலைக் கொட்டகையில இருக்கா, நீங்க வந்த வழியிலயே சாக்குப் படுதா தொங்குச்சே, அதான். எட்டிப் பாத்துராதீக. பாத்தா நீங்க தலையோட குளிச்சிட்டுத்தான் பஸ் ஏறணும், எங்க தெருவுல இன்னைக்குத் தண்ணி வரல. அவ அண்ணனே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான். ஆயி அப்பன் இல்லாத வீடு, பொம்பளைன்னு வேற யாரும் கிடையாது. அதனால அந்த நாளுல சோறு தண்ணி எல்லாம் நான்தான். அவ அப்பனுக்கு நான் பெரியப்பன் மக, அத்தை முறை. அப்புறமாப் பாக்கலாம். இப்பக் கேக்க வந்ததக் கேளுங்க.

அதான, அந்தப் பேச்சு காரியாபட்டி வரைக்கும் போயிருச்சா! காத்தவிட வேகமாப் போகுது. யாரோ ஒரு பையனோட கரிசக்காட்டுல நின்னாளாமே, அதுதான? நின்னா. நான் இல்லேங்கல. அவன் பேரு புகழேந்தி, கூடப் படிச்ச பையன். நடு வெயில்ல, தரிசுல, ஒருத்தர் இந்த ஓரத்துல இருந்தும் ஒருத்தர் அந்த ஓரத்துல இருந்தும் குனிஞ்சுக்கிட்டே நடந்து வந்தாக. அன்னைக்கு அரைநாளு வேலை, பட்டாசு ஆபீசு வேன்ல திரும்பையில நான் என் கண்ணால பாத்தேன். ரெண்டு பேரும் தரையத்தான் பாத்தாகளே தவிர ஒருத்தர ஒருத்தர் பாக்கவேயில்ல. காதல் பண்ணுறவுக அப்படியா இருப்பாக? என்னத்தத் தேடுனாகன்னு கேக்கீகளா? பானை ஓடு மதினி. ஒடஞ்ச பானை ஓடு.

நெசமாத்தான். நானும் உங்கள மாதிரித்தான் வாயப் பொளந்தேன். என்னடி, குப்பைமேட்டுல கெடக்கிறத எடுத்து மடியில கட்டுறன்னேன். அத்தே, அந்தக் காலத்துல எழுதத் தெரியாதவுக பேரு எங்கயும் இருக்காது, அவுக ஒடச்சதுதான் இருக்கும்ன்னா. எனக்கும் எழுதத் தெரியாது, அப்ப நான் ஒடச்சதையும் சேத்து வைடின்னேன். நீ ஒடச்சது எவர்சில்வர், அது ஒடையாது, நெளியும்ன்னா. வாயப் பாருங்க.

ஆனா இந்த ஓட்டு விவகாரம் வெளையாட்டு இல்ல. மதுரையில ஒரு அம்மா இருக்காக, பழைய பானைகளை ஆராய்ச்சி பண்ணுறவுக. அவுக கூட இருந்து ஓடு பிரிச்சு எழுதி வைக்க ஒரு புள்ள வேணுமாம். சம்பளம் உண்டு, தங்க எடம் உண்டு, மேல படிக்கவும் செய்யலாம். நம்ம பொண்ணு எழில் எழுதிப் போட்டா. அந்தம்மா ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டாக. வெறுங்கையோட வராத. உங்க பக்கத்துப் பானைகளப் பத்தி யாரு எங்க எழுதியிருக்கா, எந்த ஊரு மியூசியத்துல என்ன இருக்கு, எந்தக் காட்டுல எந்த மாதிரி ஓடு கெடக்குது, எல்லாத்தையும் தேடிக் கண்டுபிடிச்சு எடுத்துட்டு வா. நல்லாத் தேடியிருந்தா அன்னைக்கே சேத்துக்கிருவேன். தேடத் தெரியாதவள வச்சு நான் என்ன செய்யன்னுட்டாக.

அதுக்குத்தான் அந்தத் தரிசுல எறங்குனது. எவனோ பாத்துட்டு அண்ணன்கிட்ட வத்தி வச்சிட்டான். அன்னைக்கே போனப் புடுங்கிட்டான். வெளிவாசல் கிடையாது, படிப்புக் கிடையாது, மாப்பிள்ளை பாருன்னு தரகருகிட்டப் போயி நின்னான். லாரி செட்டுல லோடு ஏத்துற வேலையையும் விட்டுட்டு அந்தப் பெஞ்சுல உக்காந்து காவல் காக்கான். அவன் கெட்டவன் இல்ல மதினி, அதையும் சொல்லிருதேன். தங்கச்சிய வச்சுக்கிட்டு அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? ஊரு பேசுன பேச்சுல பயந்து போனான். அவளப் பூட்டுனான், அவளோட சேந்து அவனும் பூட்டிக்கிட்டான். பெஞ்சவிட்டு எந்திரிக்க முடியுதா அவனுக்கு?

என்ன, பக்தியான பொண்ணுன்னு சொன்னானா? சொல்லுவான், சொல்லுவான். ரூமு பூராம் சாமி படம், ராத்திரி பகலா அதவே பாத்துக்கிட்டு இருக்கா, திருந்திட்டான்னு சொன்னானா? ஐயோ, ஐயோ. இருங்க, சேலைய வாயில வச்சுக்கிருதேன். சிரிச்சா அந்தப் பக்கம் கேட்டுரும்.

எங்க வேன்ல ரோஜான்னு ஒரு புள்ள வரும். பட்டாசு ஆபீசு வேன்தான், ஆனா அவ சிவகாசியில காலண்டர் அடிக்கிற அச்சாபீசுக்குப் போறவ, போற வழிதானேன்னு எங்களோட தொத்திக்கிருவா. அங்க கம்ப்யூட்டர்ல படம் வரையிற வேலை. எழில் என்ன செஞ்சா, துண்டுச் சீட்டுல தனக்கு வேணுங்கிறத எழுதி என் தூக்குச்சட்டி மூடிக்குள்ள வச்சிருவா. ரோஜா அத எடுத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கம்ப்யூட்டர்ல தேடும். அது லேசில இல்லையாம். பாதி இங்கிலீசாம். சிலது கதவத் தொறக்கவே டாலரு கேக்குமாம். இந்தா அந்தான்னு திணறிப்போச்சு புள்ள. அதுக்கும் எழிலு ஒரு வழி சொன்னா. எழுதுனவருக்கே நேராக் கேட்டு எழுது, எழுதுனவுக தன்னப் படிக்க ஒரு ஆளு கெடைக்காதான்னு ஏங்கிக்கிட்டுத்தான் இருப்பாகன்னு. எழுதுச்சு. ஒரு வெள்ளக்காரரு மறுநாளே மொத்தத்தையும் அனுப்பி, நல்லாயிரு தாயின்னு வேற எழுதியிருந்தாராம். ரோஜா அப்படித்தான் சொல்லுச்சு. தாயின்னு எழுதுனாரோ என்னத்த எழுதுனாரோ.

அதையெல்லாம் தாளுல அடிக்கணுமே. அச்சாபீசுல நல்ல தாளத் தொட்டா மொதலாளி தோல உரிச்சிருவாரு. ஆனா கலர் சேராத தாளு கெடக்குமில்ல? காலண்டர் ஓட்டும்போது மொத நூறு எரநூறு வீணாப் போகும். முருகனுக்கு ரெண்டு மூக்கு இருக்கும், மயிலு ஒரு பக்கம் மயிலோட கலரு ஒரு பக்கம் நிக்கும். லட்சுமி தாமரைக்குப் பக்கத்துல அந்தரத்துல உக்காந்திருக்கும். அந்தத் தாளுக்குப் பின்பக்கம் வெள்ளைதான. அளவா வெட்டி அதுல அடிச்சுருச்சு. பூவச் சுத்தி, முறுக்கச் சுத்தி, நான் கொண்டாந்து குடுப்பேன். முன்பக்கம் முருகன், பின்பக்கம் பானை.

அண்ணன்காரன் உள்ள வருவான். அவ தாளக் கண்ணுக்கு நேராப் புடிச்சுப் படிச்சுக்கிட்டு இருப்பா. இவனுக்குத் தெரியிறது முருகன். அப்படியே கன்னத்துல போட்டுக்கிட்டு வெளிய வந்துருவான். என்கிட்ட வந்து, அத்தே, கும்புடு போட்டாத்தான் மனசு அடங்குதுங்கான். ஆமா ஐயா, அடங்குதுன்னேன். ஒருநாள் பாசம் பொங்கிப்போயி, ஒரு முருகன எடுத்துப் பசையத் தடவி நெலைக்கதவுல ஒட்டிப்புட்டான். பின்பக்கம் வெள்ளக்காரரு எழுதுன முக்கியமான பக்கமாம். எழில் அழுதுட்டா. இவன் பாத்து, சாமியக் கண்டு அழுகுதே புள்ளன்னு இவனும் கண்ணத் தொடச்சுக்கிட்டான். அப்புறம் ரோஜா திரும்ப அடிச்சுக் குடுத்துச்சு. அந்தத் தடவ பிள்ளையாரு.

சரி, தாளு வந்துருச்சு. ஓட்டுக்கு என்ன செய்ய? அதுக்கும் எங்க வேன்தான். எத்தன ஊரு சுத்தி வருது அது. ஏறுற பொம்பளைக எல்லாம் காட்டுல மேட்டுல கெடக்கிற ஓட்டைப் பொறுக்கிக் கொண்டாரணும், காலித் தீப்பெட்டிக்குள்ள போட்டு மேல ஊரு பேரு எழுதணும். வேணுங்கிறது எதுன்னா உள்ள கருப்பா, வெளிய செகப்பா இருக்கணும், கீறல் இருந்தா இன்னும் விசேசம். மொதல்ல எல்லாரும் சிரிச்சாளுக. அப்புறம் போட்டி வந்துருச்சு மதினி. எங்க ஊரு ஓடுதான் வழுவழுன்னு இருக்கு, உங்க ஊரு ஓடு வெறும் சோத்துப்பானைன்னு வேனுக்குள்ள சண்டை.

அதுல சண்முகத்தாய்ன்னு ஒருத்தி, எங்களையெல்லாம் கொல்லப் பாத்தா. பானை ஓட்ட வேன்லயே சீட்டுக்கு அடியில வச்சிட்டுத்தான் எறங்கணும். மருந்து அடைக்கிற ரூமுக்குள்ள கல்லு, மண்ணு, இரும்பு எதுவும் போகப்படாது. ஒரசுனா ஒரு பொறி போதும், ரூமும் இல்ல நாமளும் இல்ல. காலக்கூடக் கழுவிட்டுத்தான் உள்ள போறோம். இவ மறந்தாப்புல மடியில ஓட்டக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்துட்டா. குனியையில மடி அவுந்து தரையில டொக்குன்னுச்சு. அம்புட்டுப் பேரும் ஆளுக்கொரு வாசல்ல வெளிய ஓடிட்டோம். போர்மேன் வந்துட்டாரு. என்னது இது, ஏன் கொண்டாந்த, இன்னையோட உனக்கு வேலை இல்லங்காரு. இவ சொல்லுதா, எம் மருமக மாசமா இருக்கா சார், வாயி ஓடு கேக்குது, கடிச்சுத் திங்க எடுத்துட்டுப் போறேன்னு. அவரு பாவம், இளந்தாரி. கழுத்து வரைக்கும் செவந்து போயி, சரி சரி, வேன்ல கொண்டுபோயி வைங்கன்னுட்டாரு. மறுநாளு அவரே ஒரு ஓட்டப் பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்து, இது எங்க ஊரு மண்ணு, ருசியா இருக்கும்னு எங்கம்மா சொன்னாகன்னு குடுத்தாரு. சண்முகத்தாயிக்கு மகனே கெடையாது மதினி. ரெண்டும் பொட்டப்புள்ளைக.

எந்திரிக்காதீக. இன்னும் வெயில் ஏறல, பஸ்சுக்கு என்ன அவசரம்? உக்காருங்கங்கேன். இந்த மோரக் குடிங்க. நான் சொன்னதெல்லாம் கேட்டீகல்ல. இப்ப நீங்களே சொல்லுங்க, இந்தப் பொண்ணு உங்க வீட்டுக்குச் சரிப்படுமா? நல்ல பொண்ணுதான். கைசுத்தம், மனசுசுத்தம், ஒரு கெட்ட பார்வை கெடையாது. ஆனா நீங்க பூவ வச்சுக் கூட்டிட்டுப் போயி ஒரு ரூமுல விட்டீகன்னா, அந்த ரூமோட சுவருல எத்தன கல்லுன்னு எண்ணிக்கிட்டு இருப்பா. உங்க மகன் நல்லவருன்னே வச்சுக்கிருவோம். என் வீட்டுக்காரரும் நல்லவருதான்.

என்ன கேட்டீக?

அதக் கேக்கிறதுக்கு இம்புட்டு நேரமா? உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. தீவாளி சீசன், ஒரு ஆளு லீவு போட்டாலே போர்மேன் வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு, நீ என்னடி கதவச் சாத்திக்கிட்டு இருட்டுல உக்காந்திருக்கங்கீக. காய்ச்சலான்னு தொட்டு வேற பாக்கீக. காய்ச்சலெல்லாம் ஒண்ணும் இல்ல.

நான் வேலைக்குப் போயிட்டேன் மதினி. காலையிலேயே போயிட்டேன். அவன் பாத்துக்கிட்டு இருக்கயிலேயே வேன் ஏறிப் போயிட்டேன். அதனாலதான் என்னால வெளிய வர முடியாது. குழாயடிக்குப் போக முடியாது, ரெண்டுக்கு வந்தாக்கூட அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கணும். சாயங்காலம் வேன் திரும்புற வரைக்கும் இந்த வீட்டுல ஆளு கெடையாது.

மருந்துத் தூசி படக்கூடாதுன்னு நாங்க சேலைக்கு மேல ஆம்பளச் சட்டை போட்டு, தலையில துண்டக் கட்டி மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுத்தான போறோம். விடியக்கருக்கல்ல எல்லாம் ஒரே மாதிரித்தான் இருப்போம். என் சட்டை, என் துண்டு, என் தூக்குச்சட்டி, உள்ள இருந்தது எழிலு. பையில முருகனும் லட்சுமியும், அடியில தீப்பெட்டிக. கொட்டகையில யாரும் இல்ல. தூரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்படிச் சொன்னாத்தான் அவன் படுதாவத் தொட மாட்டான்னு அவளே கணக்குப் போட்டுச் சொன்னது. பஸ் ஸ்டாண்டு முக்குல எறங்கிட்டு மதுரை வண்டி ஏறியிருப்பா. இந்நேரம் திருமங்கலம் தாண்டியிருப்பா. போர்மேன வேன்ல வர்ற பொம்பளைக சமாளிச்சுக்கிருவாளுக.

அந்தம்மா சேத்துக்கிட்டாகன்னா அங்கயே தங்கிருவா, வர மாட்டா. இல்லேன்னுட்டாகன்னா சாயங்காலம் என் சட்டையப் போட்டுக்கிட்டு அதே வேன்ல வந்து எறங்கி, பின்வாசல் வழியாக் கொட்டகைக்குள்ள போயிருவா. வெள்ளிக்கிழம நீங்க வந்து பூ வைக்கலாம், குனிஞ்சுதான் இருப்பா. ரெண்டுல ஒண்ணு. எனக்கும் தெரியாது.

தாழ்ப்பாளு மேலதான் இருக்கு மதினி, நான் ஒங்கள மறிக்க மாட்டேன். முன்வாசலத் தொறந்து டீக்கடையப் பாத்து ஒரு சத்தம் போட்டீகன்னா, அவன் யாருக்காவது போன் போட்டு மதுரையில எறங்கயிலேயே மடக்கிருவான். உங்க மகன் கல்யாணம், உங்க இஷ்டம்.

உக்காந்துட்டீக. சரி.

அப்ப இதையும் கேட்டுருங்க. நான் இந்தச் சன்னல் இடுக்குல நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். வேன் நவுர ஆரம்பிச்சிருச்சு. திடீர்னு இவன் பல்லு வெளக்கிக்கிட்டே ஓடியாரான். சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு, அத்தே, எழிலுக்குச் சோறு வச்சிட்டுத்தான போறங்கான். வேன்ல இருந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் துண்ட இன்னும் கீழ இழுத்து விட்டுக்கிட்டாளுக. அவ வாயத் தொறந்து ஒரு சொல்லு சொன்னா முடிஞ்சுது. நான் வெத்தலை போடுறவ, வாயி நெறஞ்சிருந்தா எவன் கேட்டாலும் மோவாயத் தூக்கி ம்ம்முன்னுதான் சொல்லுவேன், இந்த ஊருக்கே தெரியும். அவளுக்கு வெத்தலையே ஆகாது, சுண்ணாம்பு நாக்குல பட்டாக் கண்ணுல தண்ணி கொட்டிரும். நான் சொல்லிக் குடுக்கல மதினி, சத்தியமாச் சொல்லிக் குடுக்கல. அவளா என் சுருக்குப்பையத் தொழாவி, வெத்தலையும் பொகையிலையும் வாய் நெறைய அதக்கிக்கிட்டுத்தான் ஏறியிருக்கா. மோவாயத் தூக்குனா. ம்ம்முன்னா. அவன் தலையாட்டிட்டுக் கம்பிய விடப் போறான். அதோட விட்டுருக்கலாம்ல? துண்ட ஒரு கையால இழுத்துப் புடிச்சுக்கிட்டுச் சன்னல் பக்கமாச் சாஞ்சா, அம்புட்டையும் அண்ணன்காரன் கால் மேலயே புளிச்சுன்னு துப்புனா.